ஜதுர்ஷிகாவை விலக்கிய நடுவர் மீது அந்த நடுவரே கொடுக்கும் புகார்

அனுப்புநர்:
திருமதி தவமலர் கணேசலிங்கம்,
ஈஸ்ட் ஹாம்,
இலண்டன்.

பெறுநர்:
திரு. குகநாதன் அவர்கள்,
தலைவர்,
கிழக்கு இலண்டன் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளின் பேச்சுப்போட்டிக் குழு,
வால்தம்ஸ்டோ,
இலண்டன்.

பொருள்: “கொலையாளித் திமிங்கிலங்கள் இல்லாவிட்டாலும் கடல் பூங்காக்கள் மக்களைக் கவருமா?” என்ற தலைப்பில் நடந்த சுற்றிலிருந்து செல்வி ஜதுர்ஷிகா முறைகேடாக விலக்கப்பட்டமை, முதன்மை நடுவரின் நடத்தை, விலக்கலை நீக்கி இறுதிச் சுற்றில் அவருக்கு இடமளிக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய தலைவர் ஐயாவுக்கு, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

1. இம்மாதம் எட்டாம் திகதி சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில் நடந்த மத்திய பிரிவுப் பேச்சுப்போட்டியின் முதன்மை நடுவர் மீது இப்புகாரைத் தருகிறேன். அந்த நடுவர் நான்தான். ஒருவர் தம்மீதே புகார் கொடுக்கக் குழுவின் விதிகள் இடம் தருகின்றனவா என்று படித்துப் பார்த்தேன். கூடாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் மனுக்களைப் படிப்பதே என் வேலையாக இருந்தது. நடந்தது எது, எழுதியவரின் கோபம் எது என்று பிரித்தறிய முடியாத மனுக்களை மேலிடத்துக்கு அனுப்பாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இதை அப்படி யாரும் திருப்பக் கூடாது என்பதால் நடந்ததை வரிசையாகத் தருகிறேன்.

2. பிள்ளைகளின் பேச்சுகளை உண்மையில் யார் எழுதுகிறார்கள் என்பது தங்களுக்கும் எனக்கும் மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வெளியே சொல்வதில்லை. இங்கு பிறந்த பிள்ளைகளால் தமிழில் தாமாக எழுத முடியாது என்று பெரியவர்கள் நாங்கள் முடிவுகட்டிவிட்டோம். ஆகவே தலைப்பு அறிவிக்கப்பட்டதும் பெற்றோர் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போகின்றனர். அவர் எழுதிக் கொடுக்கிறார். பிள்ளை பாடமாக்கி மேடையில் ஒப்புவிக்கிறது. நடுவர்கள் உச்சரிப்புக்கும் நினைவாற்றலுக்கும் கைவீச்சுக்கும் புள்ளியிடுகின்றனர். ஈஸ்ட் ஹாமிலும் அப்டன் பார்க்கிலும் அப்படி எழுதக்கூடியவர்கள் ஒரு சிலரே. நடுவராக அழைக்கப்படுபவர்களும் அதே ஒரு சிலர்தாம். நான் இரண்டிலும் இருக்கிறேன். அதற்காக எவரிடமும் எதையும் வாங்கியதில்லை. பெருமையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இம்முறை “கவரும்” என்ற கட்சி குலுக்கலில் செல்வி டிலக்சனாவுக்கும், “கவராது” என்ற கட்சி செல்வி ஜதுர்ஷிகாவுக்கும் விழுந்தது. இருவரின் தாய்மாரும் தனித்தனியே என்னிடம் வந்தனர். இருவருக்கும் நானே எழுதிக் கொடுத்தேன். ஒரே மேசையில் அமர்ந்து முதலில் ஒரு கட்சியை எழுதி முடித்து, எழுந்து தேநீர் குடித்துவிட்டு வந்து, மறு கட்சியை எழுதினேன். பின்னர் அவ்விரண்டில் எது சிறந்தது என்று தீர்ப்பிடவும் நானே போய் அமர்ந்தேன். அன்று அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இரண்டு கட்சியும் என்னுடையதே என்பதால் எனக்குப் பக்கச்சார்பு இருக்க முடியாது என்றுகூட எண்ணினேன்.

3. ஜதுர்ஷிகா பதினொரு வயதுப் பிள்ளை. பாடமாக்கியதை ஒப்புவித்துக் காட்ட என் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் என்னை ரீச்சர் என்று அழைக்கின்றனர். நான் ஒருநாளும் ஆசிரியையாகப் பணியாற்றியவள் அல்ல. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கன்னியர் மடப் பாடசாலையில் சிஸ்டர்மாரின் முன் நாங்கள் எப்படி நின்றோமோ அப்படியே பிள்ளைகள் என் முன் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

நான் எழுதிக் கொடுத்த பேச்சின் உச்சமான பகுதி இது: “கருவறையில் மூர்த்தி இல்லாத கோயிலை நாடி எவர் செல்வார்? கொலையாளித் திமிங்கிலம் இல்லாத கடல் பூங்காவை நாடி எவர் செல்வார்? பெங்குவினும் கடல்நாயும் பிராகாரத்துச் சிறு சந்நிதிகள் அல்லவோ?” இதை எழுதிவிட்டு அன்று மாலை முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

இப்பகுதியை முதன்முறை படித்தபோது பிள்ளை என்னிடம், “ரீச்சர், கோயில்ல மூர்த்தியைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கிறதோ? அவர் தன்ர விருப்பத்தில இருக்கிறது எண்டுதானே அம்மா சொன்னவ?” என்று கேட்டார். “முதல்ல பாடமாக்கு. கேள்வியைப் பிறகு பாப்பம்” என்றேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

தாம் போன வருடம் குடும்பத்துடன் விடுமுறைக்குச் சென்ற இடத்தில் ஓர்க்கா என்னும் அந்தக் கொலையாளித் திமிங்கிலத்தை நேரில் பார்த்ததாகவும், அதைப் பேச்சில் சேர்க்கலாமா என்றும் இன்னொரு நாள் கேட்டார். சொந்தக் கதைக்கு மேடையில் இடமில்லை என்றேன். நானும் என் கணவரோடு அமெரிக்காவில் அத்தகைய பூங்கா ஒன்றுக்குப் போயிருக்கிறேன், அதைப் பேச்சுக்குள் நுழைத்தேனா பார் என்று என்னையே உதாரணமாகவும் காட்டினேன்.

4. போட்டியன்று டிலக்சனா முதலில் பேசினார். பிழையின்றிப் பேசினார். இந்நாட்டில் டொல்பின் காட்சிகள் ஒழிந்து பல ஆண்டுகளாகியும் கடற்காட்சியகங்களின் வாசலில் குடும்பங்கள் இன்றும் வரிசையில் நிற்கின்றன என்ற என் வாதத்தையும், அறிவும் வியப்பும் தேடி வருவோர்க்குக் கொட்டும் கரகோசமும் தேவையில்லை என்ற என் முடிவுரையையும் ஓர் எழுத்தும் குறையாமல் சொன்னார்.

அடுத்து ஜதுர்ஷிகா வந்தார். அவைக்கு வணக்கம் சொன்னார். முதல் பத்தியைத் தெளிவாக ஒப்புவித்தார். “கருவறையில் மூர்த்தி இல்லாத” என்று தொடங்கி நிறுத்தினார். மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். திரைச்சீலையின் பக்கம் நின்ற வகுப்பாசிரியை திருமதி மாலினி அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். பிள்ளை அவரைப் பார்த்து, “தெரியும் ரீச்சர், மறக்கேல்லை” என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அதன்பின் அவர் சொன்னதை என்னால் இயன்றவரை அவருடைய சொற்களிலேயே கீழே தருகிறேன். அன்று நான் குற்றமாகக் கண்ட சொற்களும் இதில் உள்ளன.

“எனக்கு இதைச் சொல்ல விருப்பமில்லை. ஏனெண்டா நான் போய்ப் பாத்தனான். ஷோ நடக்கேக்க எல்லாரும் கத்தினவை, நானும் கத்தினனான். முடிஞ்ச உடன எல்லாரும் எழும்பிப் போட்டினம். நான் கீழ கண்ணாடிக்குப் போய்ப் பாத்தன். அது சும்மா சுத்திக்கொண்டே இருந்தது. என்ர அண்ணா வந்து, ‘வாடி, ஸ்லைடுக்கு லைன் கூடப் போகுது’ எண்டான். அவனுக்கு ஸ்லைட்தான் பிடிச்சது. அம்மாவுக்குப் பெங்குவின். அப்பாவுக்கு நிழல்.”

மண்டபம் மறுபடியும் சிரித்தது. பின்வரிசையில் இருந்த அவருடைய தந்தை கையை உயர்த்தி அதை ஒப்புக்கொண்டார்.

“அப்ப எங்கட வீட்டில ஒருத்தருக்கும் ஓர்க்கா தேவைப்படேல்லை. அது இல்லாட்டியும் நாங்கள் போயிருப்பம். ஆனா அது அங்கயே பிறந்ததாம். கடலுக்க விட்டா அதுக்கு மீன் பிடிக்கத் தெரியாதாம். அப்ப ஷோ நிப்பாட்டி, சனமும் வராட்டி, அதுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது? எனக்கு அதுதான் யோசனை. இந்தப் பேப்பரில அது இல்லை.”

பிறகு அவர் நடுவர் மேசையைப் பார்த்தார். “தவமலர் ரீச்சர், நீங்களும் போனனீங்கள் எண்டு சொன்னனீங்கள். உங்களுக்கு அங்க எது பிடிச்சது?”

5. பேச்சை நிறுத்த அடிக்கும் மணி, விதிப்படி நேரக்கண்காணிப்பாளர் திரு. சயந்தனின் பொறுப்பில் இருந்தது. நடுவர்கள் மணியைத் தொடக்கூடாது என்ற விதியை மூன்றாண்டுகளுக்கு முன் சேர்க்கச் சொல்லி வாதாடியவள் நான். அன்று நான் சயந்தனைத் தாண்டிக் கைநீட்டி மணியை அடித்தேன். “அன்ரி, நேரம் இன்னும் கிடக்கு” என்று அவர் மெதுவாகச் சொன்னார். நான் அவரைப் பார்க்காமல் இன்னொரு முறை அடித்தேன்.

இறுதி மணி கேட்டால் நின்றுவிட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவர் நின்றுவிட்டார். அவைக்குக் கைகூப்பினார். நான் பழக்கியபடியே வலப்பக்கப் படியால் இறங்கினார். முறை தவறியவர் என்று நான் எழுதிய பிள்ளை மேடையில் தவறவிட்ட முறை ஒன்றும் இல்லை.

6. நடுவர் அறையில் நடந்ததற்கும் நான் பொறுப்பு. மற்ற இரு நடுவர்களும் வயதில் எனக்கு இளையவர்கள். அவர்களுள் ஒருவர், “அக்கா, பிள்ளை நல்லாத்தானே கதைச்சது? சனம் எல்லாம் அசையாமக் கேட்டதே” என்றார். “கதைச்சதுதான். கதைக்கிறதுக்கு ஹை ஸ்ட்ரீட் கடைத்தெரு இருக்கு. அதுக்கு ஏன் மேடை?” என்று நான் பதில் சொன்னேன். மற்றவர் சிரித்தார். முதலாமவர் தம் புள்ளித்தாளைக் கவிழ்த்து வைத்தார். இந்தப் பதிலை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. விசாரணை நடந்தால் அவர்கள் என்மீதுள்ள மரியாதையால் சொல்லமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

கட்சி மாறிப் பேசினால் புள்ளி குறைக்கலாம் என்பதே விதி. பேச்சுவழக்கில் பேசினால் அதற்கும் புள்ளி குறைக்கலாம். விலக்கலாம் என்று விதி எங்கும் சொல்லவில்லை. நான் இரண்டையும் சேர்த்து “ஒழுங்கு மீறல்” என்று பெயரிட்டு, “விலக்கப்பட்டார்” என்று எழுதி, மற்ற இருவரையும் ஒப்பமிடச் சொன்னேன். விலக்கப்பட்டவர் அடுத்த ஆண்டும் பங்குபற்ற முடியாது. அதற்கடுத்த ஆண்டில் ஜதுர்ஷிகா மத்திய பிரிவின் வயதைக் கடந்துவிடுவார். இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும்.

7. முதலிடம் டிலக்சனாவுக்குக் கிடைத்தது. பரிசளிப்பு முடிந்து பற்றீஸ் பலகாரமும் தேநீரும் கொடுக்கும்போது அவருடைய தாய் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, “அன்ரி, நீங்கள் எழுதித் தந்ததை அப்பிடியே ஒப்புவிச்சிட்டாள். ஒரு சொல்லும் விடேல்லை” என்றார். அவர் மனமார நன்றி சொன்னார். நான் கையை விடுவித்துக்கொண்டு ஒரு நாற்காலியைத் தேடி அமர்ந்தேன்.

கடல் பூங்காக்கள் ஓர்க்கா இல்லாமலும் மக்களைக் கவரும் என்று அன்று இரண்டு பிள்ளைகள் சொன்னார்கள். ஒருவர் என் சொற்களில் சொன்னார். அவருக்கு முதற்பரிசு கொடுத்தேன். மற்றவர் தம் சொற்களில் சொன்னார், அவரை விலக்கினேன். நான் புள்ளியிட்டது எனக்கே. இது அந்த நாற்காலியில் இருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பின்பும் எழுந்து போய் யாரிடமும் சொல்லவில்லை. கையில் இருந்த பற்றீசைச் சாப்பிட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

டிலக்சனாமீது எந்தக் குறையும் இல்லை. கொடுத்ததை அவர் நேர்மையாகப் பாடமாக்கினார். அவருடைய பரிசை யாரும் தொடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

8. மறுநாள் ஜதுர்ஷிகாவின் தாய் திருமதி யசோதினி தொலைபேசியில் அழைத்தார். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சேலைக்கடையில் வேலை செய்பவர். வாடிக்கையாளர் எவரிடமும் குரலை உயர்த்தாதவர். என்னிடமும் உயர்த்தவில்லை. “அன்ரி, பிள்ளை வெல்லத் தேவையில்லை. தோத்தது எண்டு போட்டிருந்தா நான் வாய் திறந்திருக்க மாட்டன். விலக்கினது எண்டு போட்டிட்டீங்கள். களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி எல்லே கிடக்கு” என்றார். விதிகளைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். விதிகள் எனக்கு மனப்பாடம். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

தாங்களும் அன்று மாலை அழைத்து, “அக்கா, சின்ன விசயம், விடுங்கோ. அடுத்த வருசம் தலைப்பை மாத்துவம்” என்றீர்கள். என்னைப் பாதுகாக்க நினைத்துச் சொன்னீர்கள் என்று அறிவேன். தலைப்பில் குற்றமில்லை, ஐயா. நல்ல தலைப்பு அது. அதற்கு உண்மையான விடை தேடிய ஒரே ஆளை மேடையிலிருந்து இறக்கிவிட்டோம் என்பதுதான் குற்றம்.

9. பிள்ளை என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சாட்சியம் என்ற முறையில் அதை இங்கே பதிவு செய்கிறேன்.

அமெரிக்காவில் என் அண்ணன் மகளின் திருமணத்துக்குப் போனபோது நானும் கணவரும் அந்தப் பூங்காவுக்குப் போனோம். ஓர்க்கா காட்சிக்கு முன்வரிசையில் இடம்பிடித்தோம். அது எழும்பி விழுந்தபோது உடுப்பெல்லாம் நனைந்தது. நானும் கை தட்டினேன். பயிற்சியாளரின் கையசைவுக்கு அது தலைவணங்கியபோது, எவ்வளவு ஒழுக்கமாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று கணவரிடம் பாராட்டிச் சொன்னேன்.

ஆனால் எனக்கு அங்கே பிடித்தது அதுவல்ல. பூநாரைகள் நின்ற ஒரு குளத்துக்குப் பக்கத்தில் அமர ஒரு மர வாங்கு இருந்தது. தங்கியிருந்த வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன முட்டைச் சான்ட்விச்சை அதில் இருந்து சாப்பிட்டோம். என் கணவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தார். நீண்ட நேரம் அப்படியே இருந்தோம். என் வாழ்நாளில் நான் அவசரப்படாமல் இருந்த மிகச் சில பொழுதுகளில் அது ஒன்று. அந்தப் பூங்காவில் ஓர்க்கா இல்லாதிருந்தாலும் அது அப்படியே நடந்திருக்கும்.

ஆக, “கவராது” என்ற கட்சி பொய் என்பதற்கு என்னிடமே சான்று இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் கருவறையையும் மூர்த்தியையும் எழுதினேன். குலுக்கலில் விழுந்த கட்சிக்கு எழுதுவது குற்றமல்ல என்று நான் இன்றும் நம்புகிறேன். வழக்கறிஞர் செய்வதும் அதுதான். ஆனால் அவர் தம் வாயால் பேசுகிறார். நான் நம்பாததை ஒரு பிள்ளையின் வாயில் வைத்தேன். அந்தப் பிள்ளையும் அதை நம்பவில்லை என்று தெரிந்தபோது, அவருடைய வாயை மூடினேன். எது பிடித்தது என்று அவர் கேட்டபோது உண்மையான பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் முந்நூறு பேர் முன்னிலையில் என் பேச்சு என்னாலேயே தோற்றுப்போகும். அதனால்தான் கை மணிக்குப் போனது. வேறு காரணம் ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

10. பிள்ளையின் மற்றக் கேள்வி, அதாவது காட்சி நின்றபின் அந்த விலங்குக்கு யார் உணவு கொடுப்பது என்பது, எனக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. நூலகத்தில் தேடிப் படித்தேன். கரையோரத்தில் வலையிட்டு மறித்த விரிந்த கடற்பரப்பில் விடலாம் என்று சிலர் சொல்கின்றனர். அங்கு அவை தாக்குப்பிடிக்குமா என்று சிலர் ஐயுறுகின்றனர். இனிப் புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கக் கூடாது, இருப்பவற்றை ஆட்டுவிக்காமல் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் நீண்ட ஆயுள் உடைய அந்த உயிருக்கு நெடுங்காலம் யாரோ சோறு போட்டாக வேண்டும்.

இதை எழுதும்போதுதான் தலைப்பின் உட்பொருளே எனக்குப் பிடிபட்டது. ஓர்க்கா இல்லாமலும் பூங்கா மக்களைக் கவருமா என்பது வெறும் விளையாட்டுக் கேள்வி அல்ல. அது கவர வேண்டும். பெங்குவினுக்கும் ஸ்லைடுக்கும் நிழலுக்கும் குடும்பங்கள் தொடர்ந்து வந்தால்தான், இனி வேடிக்கை காட்டத் தேவையில்லாத ஓர்க்காவை அந்த வருமானத்தில் பார்த்துக்கொள்ள முடியும். மக்கள் கைவிட்ட பூங்காவில் அதுவும் கைவிடப்படும். நான் எழுதிய இரண்டு பேச்சுகளில் எதிலும் இந்தச் சிந்தனை இல்லை. ஒன்று திமிங்கிலத்தைத் தெய்வமாக்கியது. மற்றது அதை ஒரே வரியில் மறந்துவிட்டது. அது பிழைத்திருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டது ஜதுர்ஷிகாவின் பேச்சு மட்டுந்தான்.

11. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஜதுர்ஷிகாவின் வீட்டுக்குப் போனேன். அழைப்பில்லாமல் எவர் வீட்டுக்கும் நான் போவதில்லை. யசோதினி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டார். அவர் வந்து எனக்கு எதிரே அமர்ந்தார். நீ செய்தது பிழையல்ல, நான் செய்ததுதான் பிழை என்று சொன்னேன். பயிற்சி பார்க்காமல் எதையும் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. பேருந்தில் போகும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். ஆனாலும் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மிகுதியைச் சொல்லி முடிக்க நேரமெடுத்தது. பிள்ளை பொறுமையாக இருந்தார்.

பிறகு, “பரவாயில்லை ரீச்சர். எங்கட ஸ்கூல்ல டிபேட் கிளப் ஒண்டு இருக்கு. நான் இனி அங்க பேசுறன். இங்கிலீசில எண்டா எனக்கு நானே எழுத ஏலும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஐயா. என்னை ஆறுதல்படுத்தவே சொன்னார். கதவுவரை வந்து, “கவனமாப் போங்கோ, படியில ஈரம்” என்றும் சொன்னார்.

இந்த நாட்டில் ஒரு பிள்ளை தமிழில் பேச மேடைக்கு வருவது எவ்வளவு பாடு என்பது தங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தப் போட்டியைத் தொடங்கினோம். வந்த பிள்ளை தமிழில் தானாகச் சிந்தித்துப் பேசிய முதல் நாளிலேயே, இனி வேண்டாம் என்று போக நான் காரணமாகிவிட்டேன். வரும் சனிக்கிழமையிலிருந்து தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்று அவர் தாயிடம் சொல்லியிருக்கிறார். இறுதிச் சுற்று அடுத்த மாதம். தாமதித்து எடுக்கும் முடிவு அந்தப் பிள்ளைக்குப் பயன்படாது.

12. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

“விலக்கப்பட்டார்” என்ற முடிவை நீக்கி, செல்வி ஜதுர்ஷிகாவை டிலக்சனாவுடன் சேர்த்து இறுதிச் சுற்றுக்கு அனுப்ப வேண்டும். ஒரு பிரிவிலிருந்து இருவரை அனுப்ப விதி இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். விதியில் இல்லாத விலக்கலை ஏற்றுக்கொண்ட குழு, விதியில் இல்லாத நீதியையும் ஒருமுறை ஏற்றுக்கொள்ளலாம்.

அங்கே அவர் எழுத்துத் தமிழில் பேசினாலும் வீட்டில் பேசும் தமிழில் பேசினாலும் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். எழுதிக் கொடுக்க யாரையும் ஏற்பாடு செய்ய வேண்டாம்.

மற்ற இரு நடுவர்கள்மீதோ திரு. சயந்தன்மீதோ நடவடிக்கை வேண்டாம். சயந்தன் ஒருவர்தான் அன்று தம் கடமையைச் செய்தார்.

என்னை நடுவர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். உடல்நிலை காரணமாக விலகினார் என்று அறிவிக்க வேண்டாம். என் உடல்நிலை நன்றாக இருக்கிறது. காரணத்தை என் பெயருடன் இறுதிச் சுற்றுத் தொடங்குமுன் மண்டபத்தில் வாசிக்க வேண்டும். நான் வந்து அவையோருடன் அமர்ந்து கேட்பேன்.

தங்கள் முடிவைத் திருமதி யசோதினிக்கு வெள்ளிக்கிழமைக்கு முன் அறிவிக்க வேண்டும். கடிதம் அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், தாங்களே அவர்களுடைய வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் நேரில் சொல்வது நல்லது. அவர் மறுக்கக்கூடும். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அது அவருடைய உரிமை. ஆனால் அப்படி அவர் வராவிட்டாலும், இறுதிச் சுற்று மேடையில் அவருக்குரிய நாற்காலியைப் பெயர் எழுதியே வைக்க வேண்டும். அடுத்த நிலையில் உள்ள வேறு பிள்ளையை அதில் அமர்த்தி, நான் செய்ததை ஒருவரும் காணாதபடி ஆக்கிவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: இலண்டன்
திகதி: 17.11.2025

தங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவள்,
(ஒப்பம்) தவமலர் கணேசலிங்கம்